வலையில் சிக்கிய கடலாமையைக் காப்பாற்றுவது எப்படி: ஆயர் தாவார் வட்டாரத் தூண்டில்காரர்களுக்கான வழிகாட்டி

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், ஆயர் தாவாரையும் சித்தியவானையும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்குக் கடல் அதிகத் தொலைவில் இல்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டாரில் தூண்டில் கம்பைக் கட்டிக்கொண்டு தெலுக் செனாங்கினுக்கோ செகாரிக்கோ போய், விடியும்வரை கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். அந்தக் கரைகளில்தான் பச்சைக் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன. மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையமும் செகாரியின் பாசிர் பாஞ்சாங் கடற்கரையில்தான் இருக்கிறது. ஆகவே, கிழிந்த வலையிலோ அறுந்த தூண்டில் நூலிலோ சிக்கிய ஆமையொன்றை என்றைக்காவது ஒருநாள் நீங்கள் காணக்கூடும். அப்போது என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது, எதை அறவே செய்யக் கூடாது என்பதை, இதுவரை இந்த வேலையில் இறங்கியிராத புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நூலை அறுத்து, ஆமையைத் தண்ணீரில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அறுப்பது இந்த வேலையின் நடுப்பகுதி மட்டுமே. அதற்கு முன்னால் ஆமையின் மூச்சைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பின்னால், உடனே விடலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். நன்றாக அறுக்கப்பட்ட ஆமை, அவசரமாக விடப்பட்டதால் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் மூழ்கிச் சாவது நடக்கக்கூடியதே. கரையில் நிற்பவர்களுக்கு அது தெரியவும் வராது, அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதல் வேலை: உங்கள் உயிர்

சிக்கிய விலங்கைப் பார்த்தவுடன் தண்ணீரில் குதிக்காதீர்கள். வலை என்பது ஆமைக்கு மட்டுமே வைத்த கண்ணி அன்று. இடுப்பளவுத் தண்ணீரில், அலை அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நூல் (மெல்லிய நைலான் நூல்) உங்கள் காலிலும் சட்டைப் பொத்தானிலும் சுற்றிக்கொள்ளும். நீங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால், அல்லது நீர் ஏறிக்கொண்டிருந்தால், அல்லது தனியாக இருந்தால், கரையிலேயே நின்று அழைப்பு விடுப்பதுதான் உங்கள் பங்கு. படகில் இருந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். சுழலியில் வலை சுற்றிக்கொண்டால், காப்பாற்ற வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடிவிடும்.

வலைக்குள் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையை விடக் கூடாது. கைவிடப்பட்ட வலையில் செம்பிலாங் மீன் (கடல் கெளுத்தி வகை) இருக்கும், திருக்கை இருக்கும், சில வேளைகளில் கடல் பாம்பும் இருக்கும். செம்பிலாங்கின் முதுகு முள்ளும் பக்கவாட்டு முட்களும் நச்சுள்ளவை என்பது நம் தூண்டில்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆமையைப் பார்த்த பரபரப்பில் அதை மறந்துவிடுவோம். அதுவோ திருக்கையோ குத்திவிட்டால், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடல் பாம்பு கடித்தால் வலி குறைவாகவே இருக்கலாம். வலி இல்லை என்பதற்காக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆமைக்குப் பல் இல்லை. ஆனால் அலகு உண்டு. வளர்ந்த ஆமையின் வாய்க்கு முன்னால் விரலை நீட்டினால் விரல் மிஞ்சாது. முன் துடுப்பின் வீச்சு மணிக்கட்டை உடைக்கக் கூடியது. பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ அணுகுங்கள். பிடிக்க நேர்ந்தால், கழுத்துக்குப் பின்னே முதுகோட்டின் முன்விளிம்பை ஒரு கையாலும் வாலுக்கு மேலுள்ள பின்விளிம்பை மறு கையாலும் பிடியுங்கள். துடுப்பைப் பிடித்துத் தூக்குவது தோள்மூட்டைக் கழற்றிவிடும்.

இரண்டாவது வேலை: அழைப்பு

கத்தியை எடுப்பதற்கு முன் கைப்பேசியை எடுங்கள். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தின் எண்ணையும் செகாரி நிலையத்தின் எண்ணையும் இன்றைக்கே தேடிக் கைப்பேசியில் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. கடற்கரையில் நின்றுகொண்டு, ஈரக் கையோடு, அலைக்கற்றை சரியாகக் கிடைக்காத இடத்தில் தேடுவது ஆகாத காரியம். எண் கைவசம் இல்லாவிட்டாலும், இரவு நேரமாக இருந்தாலும், 999ஐ அழைக்கலாம். காவல்துறை, தீயணைப்பு மீட்புப் படை, கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகியவை எல்லாம் அந்த ஒரே எண்ணில் இணைந்திருக்கின்றன. படகில் ஆபத்து என்றாலும் அதே எண்தான்.

மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் மலாயில் பேசுவார். பதற்றத்தில் வார்த்தை வராமல் போகலாம் என்பதால், ஒரு வாக்கியத்தை மனத்தில் பதித்து வைத்துக்கொள்ளுங்கள்: “அடா பென்யு தெர்ஜெராட் பூக்காட், மாசே ஹீடுப், டி பந்தாய் தெலுக் செனாங்கின்” (தெலுக் செனாங்கின் கடற்கரையில் ஓர் ஆமை வலையில் சிக்கியிருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறது). இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அடுத்து அவர் கேட்கக்கூடியவை: ஆமை எவ்வளவு பெரியது, மூச்சு விடுகிறதா, சிக்கியிருப்பது வலையா தூண்டில் நூலா கயிறா, இரத்தம் வருகிறதா, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா. புலனத்தில் (வாட்சப்பில்) இருப்பிடக் குறியையும், சற்றுத் தள்ளி நின்று எடுத்த இரண்டு படங்களையும் அனுப்பிவிட்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். முகநூலில் ஏற்றுவதற்கான படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இடம் தெரிந்தால் அரை மணி நேரத்தில் அங்கே கூட்டம் கூடிவிடும், அது யாருக்கும் நல்லதன்று.

சட்டத்தையும் ஒருவாறு தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கடல் பாலூட்டிகளையும் ஆமைகளையும் பிடிப்பதையும் தொந்தரவு செய்வதையும் தடுக்கிறது. மீன்பிடிக்கையில் தவிர்க்க முடியாமல் சிக்கியவை உயிரோடிருந்தால் உடனே விடப்பட வேண்டும், இறந்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் தெரிவித்து அவர் சொல்லும்படி செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு மாநில எல்லைக்கு அப்பாலுள்ள கடலுக்கானது. நமது அரசியலமைப்பின்படி ஆமை மாநில அரசின் அதிகாரத்தில் வருவதால், கரையோரத்தில் மாநிலச் சட்டங்கள் பொருந்தும். காயப்பட்ட ஆமையைக் கரையில் வைத்திருப்பதும், வண்டியில் ஏற்றுவதும், அதிகாரி தொலைபேசியில் சொன்ன பிறகு செய்ய வேண்டிய காரியங்கள். அழைப்பு முன்னால் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது கடலாமைதானா

சிரிக்கத் தோன்றும் கேள்விதான்; ஆனால் நம் வட்டாரத்தில் இது தேவை. தோட்டத்து வாய்க்கால்களிலும் ஆற்றோரங்களிலும் மீன் வலையில் சிக்குபவற்றில் பல, கடலாமையே அல்ல. காலைப் பாருங்கள். நகமுள்ள விரல்களும் விரலிடைத் தோலும் தெரிந்தால் அது ஆற்றாமையோ லாபி-லாபி எனும் மெல்லோட்டு ஆமையோ ஆகும். பேராக் ஆற்றில் வாழும் துந்தோங் என்ற ஆற்றாமை வகையாகவும் இருக்கலாம். கால் முழுவதும் துடுப்பாக நீண்டு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாமல் இருந்தால் அது கடலாமை. துந்தோங்குக்குத் தனிப் பாதுகாப்பு நிலையம் போத்தா கானானில் வனவிலங்குத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே அழைக்க வேண்டிய துறையே வேறு. வாய்க்காலில் கிடைத்ததை நல்ல மனத்தோடு லுமுட் கடலில் கொண்டுபோய் விடுவது, அதைக் கொல்வதற்குச் சமம்.

கடலாமையில் மலேசியக் கரைகளில் முட்டையிடுபவை நான்கு இனங்கள்: பச்சை ஆமை, அழுங்காமை, சிற்றாமை, தோணியாமை. இனத்தை நீங்கள் சரியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. படத்தைப் பார்த்து அதிகாரிகள் சொல்லிவிடுவார்கள். எடையை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். வளர்ந்த பச்சை ஆமை நூறு கிலோவைத் தாண்டும்; இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாது.

மூன்றாவது வேலை: மூச்சு

கடலாமை நுரையீரலால் மூச்சு விடும் விலங்கு. ஓய்வாக இருக்கும்போது மணிக்கணக்கில் நீருக்கடியில் இருக்கக்கூடிய அதே ஆமை, வலையில் மாட்டித் திமிறும்போது உடலிலுள்ள உயிர்வளியைச் சில நிமிடங்களிலேயே தீர்த்துவிடுகிறது. இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. பிறகு நுரையீரலுக்குள் நீர் புகுகிறது. ஆகவே ஆமை இன்னும் தண்ணீரில் இருந்தால், நூலைப் பற்றி யோசிப்பதற்கு முன், தலை நீருக்கு மேலே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் பாரத்தை முதலில் நீக்க வேண்டும். வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகளோ, பாறையில் மாட்டிய கயிறோ, மண் நிரம்பிய நண்டுக் கூண்டோ எதுவாக இருந்தாலும், அதற்குப் போகும் கயிற்றை ஆமையிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் அறுத்துவிட்டு, உடம்பில் சுற்றியிருப்பதோடு சேர்த்தே கரைக்கோ படகுக்கோ கொண்டுவாருங்கள். மிதவைகளை அறுத்துவிடாதீர்கள், கடைசிவரை அவை உங்களுக்கு உதவும்.

மேலே வந்த ஆமை அசையாமல் கிடந்தால் இறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மூழ்கி மயங்கிய ஆமையின் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும். மூச்சு எப்போதோ ஒருமுறைதான் வரும். கண்ணிமையின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். வாலை மெல்லக் கிள்ளிப் பாருங்கள். இமை சுருங்கினாலும் வால் அசைந்தாலும் உயிர் இருக்கிறது. அசையாவிட்டாலும், உடல் விறைக்கவோ அழுகவோ தொடங்காதவரை உயிர் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

மயங்கிய ஆமைக்குச் செய்ய வேண்டிய முதலுதவியை அமெரிக்க மீன்வள விதிகள் படகுக்காரர்களுக்கு விவரமாக வகுத்து வைத்திருக்கின்றன. நம் கரைக்கும் அது பொருந்தும். ஆமையை வயிறு கீழே இருக்கும்படி, இயல்பான நிலையில் கிடத்துங்கள். பின்பகுதியைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பெரிய ஆமைக்கு இன்னும் அதிக உயரம் வேண்டும். நம் இடங்களில் இதற்கு மிகப் பொருத்தமானது பழைய வாகனச் சக்கரத்தின் டயர். மோட்டார் டயரானால் சிறிய ஆமைக்குச் சரி, கார் டயரானால் பெரியதற்கு. முதுகோட்டின் இடவிளிம்பையும் வலவிளிம்பையும் பிடித்து, ஒரு பக்கத்தை நான்கு விரற்கிடை உயர்த்தி இறக்கி, பிறகு மறு பக்கத்தை அவ்வாறே செய்து, மெல்ல ஆட்டிக்கொடுங்கள். நுரையீரலில் புகுந்த நீர் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வடியும். இடையிடையே கண்ணையும் வாலையும் தொட்டுப் பாருங்கள். இதற்கு நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாள் முழுவதும் ஆகலாம். அத்தனை நேரமும் நிழல் வேண்டும். ஈரத் துணியை முதுகிலும் துடுப்புகளிலும் போர்த்தி, மூக்கைத் திறந்தே வைத்திருங்கள்.

கூடாதவை சில உண்டு. ஆமையை மல்லாக்கப் போடக் கூடாது. உள்ளுறுப்புகளின் பாரம் நுரையீரலை அழுத்தும். மார்பில் அழுத்தி நீரை வெளியேற்ற முயலக் கூடாது. ‘கடல் பிராணிதானே’ என்று தண்ணீர்த் தொட்டியில் போடக் கூடாது. மயங்கிய ஆமையால் தலையைத் தூக்க முடியாது, அரையடி நீரிலேயே மூழ்கிவிடும். தீனி கொடுக்கக் கூடாது. காயத்தில் மஞ்சள் அப்பக் கூடாது. பங்கோர் காளியம்மன் கோயில் மாசி மகத்தைப் போன்ற நாளில் கரையில் பக்தர் கூட்டம் இருக்கும். கூர்மாவதாரம் என்று கையெடுத்துக் கும்பிடுவதில் தவறில்லை, ஆனால் பாலூற்றுவதற்கும் கற்பூரம் காட்டுவதற்கும் அப்போது இடம் கொடுத்துவிடாதீர்கள். குழந்தையை முதுகில் உட்காரவைத்துப் படம் எடுப்பவர்களிடம் சற்றுக் கடுமையாகவே பேசலாம் என்பது என் கருத்து.

நான்காவது வேலை: அறுத்தல்

மூச்சு சீராகிவிட்டது, அதிகாரி தொலைபேசியில் ‘அறுக்கலாம்’ என்று சொல்லிவிட்டார் என்ற நிலையில்தான் கருவி கைக்கு வர வேண்டும். பாராங் கத்தியும் குலை வெட்டும் சாபிட் அரிவாளும் வண்டியிலேயே இருக்கட்டும். தோட்டத்தில் பழகிய கைக்கு அவைதான் எளிது என்றாலும், திமிறும் விலங்கின் கழுத்தருகே நீண்ட அலகுக்கு வேலை இல்லை. வேண்டியவை இவைதான்: துணி வெட்டுவதற்கு ஆம்புலன்சுக்காரர்கள் வைத்திருப்பதைப் போன்ற மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், காரின் இருக்கைப் பட்டையை அறுப்பதற்காக விற்கப்படும், அலகு கொக்கிக்குள் மறைந்திருக்கும் சிறு கத்தி, கம்பி வெட்டும் குறடு, கையுறை, இரண்டு துண்டு, தலையில் மாட்டும் விளக்கு. தூண்டில் பெட்டியில் இவற்றுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

ஒரு துண்டை நனைத்து ஆமையின் கண்களின் மேல் போட்டால் அது அடங்கிவிடும். மூக்கை மட்டும் மூடிவிடாதீர்கள். ஒருவர் ஓட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அறுக்க வேண்டும். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வலையை இழுக்காதீர்கள். முடிச்சை அவிழ்க்கவும் முயலாதீர்கள். ஒரு பக்கம் தளர்த்தினால் மறு பக்கம் இறுகும். முதலில் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள்: எந்த நூல் எங்கே போகிறது, எது கழுத்தைச் சுற்றுகிறது, எது துடுப்பைச் சுற்றுகிறது, எந்தச் சுற்று மற்றவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. பிறகு கழுத்துச் சுற்றை முதலில் அறுங்கள், அதற்கடுத்துத் துடுப்புகளை. அலகின் கூர் எப்போதும் தோலுக்கு எதிர்ப்புறமாக, வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும்.

அதிகக் கவனம் வேண்டிய இடம் முன் துடுப்பு உடலோடு சேரும் மூட்டு. மெல்லிய தங்கூசி அங்கே பல நாள் சுற்றியிருந்தால் நூல் கண்ணுக்கே தெரியாது. தோலில் ஆழமான ஒரு பள்ளம் மட்டும் வளையம்போல ஓடும்; பள்ளத்தின் இரு கரையும் வீங்கி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்; அதில் பச்சையாகப் பாசியும், சில வேளை கொட்டலசு எனும் சிறு ஓட்டுயிரிகளும் ஒட்டியிருக்கும். பழைய தழும்பு என்று விட்டுவிடத் தோன்றும். மழுங்கிய முனையைப் பள்ளத்தின் ஓரமாக மெல்ல நுழைத்து நகர்த்தினால், ஏதோ ஒரு இடத்தில் நூல் தட்டுப்படும். அங்கே அதைச் சற்றே உயர்த்தி ஒரே ஓர் இடத்தில் அறுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டிய நூல் தானாகத் தளர்ந்து வந்தால் எடுக்கலாம். சதையோடு வளர்ந்து ஒட்டியிருந்தால் உருவக் கூடாது. உருவினால், நூல் அழுத்தி அடைத்து வைத்திருந்த இரத்தக் குழாய் திறந்துவிடலாம்; கடற்கரையில் அதைத் தைக்க யாரும் இல்லை. இரத்தம் பீறிட்டால், சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்காகக் காத்திருங்கள்.

தூண்டில் முள் மாட்டியிருந்தால்

நம்மவர்கள் பெரும்பாலும் தூண்டில்காரர்கள் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தூண்டிலிலேயே ஆமை மாட்டினால், கம்பை உயர்த்தி அதைக் கரைக்குத் தூக்காதீர்கள். நூலைத் தளர்வில்லாமல், ஆனால் இழுக்காமல் பிடித்துக்கொண்டு, மெல்ல அருகில் வரவிட்டு, ஓட்டைப் பிடித்தோ பெரிய கைவலையில் ஏந்தியோதான் மேலே எடுக்க வேண்டும்.

முள் துடுப்பிலோ அலகின் ஓரத்திலோ மேலாக மாட்டி, அதன் நுனி வெளியே தெரிந்தால், நுனிக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு பல்லைக் குறடால் வெட்டிவிட்டு, வந்த வழியே மெல்லப் பின்னுக்கு எடுக்கலாம். நுனி சதைக்குள் இருந்தால் தொடாதீர்கள். விழுங்கியிருந்தால் நிச்சயமாகத் தொடாதீர்கள். ஆமையின் உணவுக்குழாயின் உட்புறம் முழுவதும் வயிற்றை நோக்கிச் சாய்ந்த முட்கள் நிறைந்தது. உள்ளே போனது எளிதில் வெளியே வராது, இழுத்தால் குழாய் கிழியும். மருத்துவர் வரப்போகிறார் என்றால் வாய்க்கு வெளியே ஒரு முழ நூலை விட்டுவைத்து, அதை முதுகோட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். முள்ளைத் தேடி எடுக்க அவருக்கு அது வழிகாட்டும். நடுக்கடலில், மருத்துவருக்கு வாய்ப்பே இல்லாத நிலையில், அதிகாரி விடச் சொன்னால், நேர்மாறாக, நூலை முடிந்தவரை முள்ளுக்கு அருகிலேயே அறுக்க வேண்டும். நீண்டு தொங்கும் நூலை ஆமை விழுங்கினால், குடல் அந்த நூலின்மேல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிடும்.

அதே காரணத்தால், வாலுக்குக் கீழேயுள்ள துவாரத்திலிருந்து நூல் தொங்குவதைக் கண்டால், அது எவ்வளவு எளிதாக வருவதுபோல் தோன்றினாலும் இழுக்காதீர்கள். அதன் மறுமுனை வயிற்றில் ஒரு முள்ளோடு இருக்கக்கூடும்.

ஐந்தாவது வேலை: விடுவதா, வைத்திருப்பதா

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. வலை அறுந்தவுடன் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். யாராவது ஒரு மாமா, “விடுங்கப்பா, அது போகட்டும், பாவம்” என்பார். அவர் சொல்வது அன்பினால்தான். ஆனால் ஆமை தலையைத் தானாகத் தூக்கி, நான்கு துடுப்புகளையும் சம பலத்தோடு அசைத்து, சீராக மூச்சு விட்டு, தொட்டால் விலகப் பார்த்து, காயமின்றி இருந்தால்தான் உடனே விடலாம். துடுப்பு தொங்கினால், நூல் சதைக்குள் இறங்கியிருந்தால், ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால், மயங்கித் தெளிந்திருந்தால், உடல் மெலிந்து கழுத்தும் தோளும் குழி விழுந்திருந்தால், விடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா கடற்பகுதியில் வலைகளில் சிக்கி மேலே கொண்டுவரப்பட்ட பெருந்தலை ஆமைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், அவற்றின் இரத்தத்திலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகள் இருந்ததை 2014ல் வெளியிட்டார்கள். ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்த முக்குளிப்பவர்களுக்கு வரும் அதே நோய் ஆமைக்கும் வரும் என்று அதன்மூலம் தெரியவந்தது. மேலே வந்த கணத்தில் சுறுசுறுப்பாகத் தெரியும் ஆமைக்குச் சில மணி நேரம் கழித்து இந்தக் கோளாறு வெளிப்படலாம். ஆழத்தில் இழுக்கப்பட்ட வலையிலிருந்து வந்த ஆமை என்றால், படகுக்காரர் அதை அதிகாரியிடம் தவறாமல் சொல்ல வேண்டியது இதனால்தான்.

விடுவது என்று முடிவானால், சிக்கிய வலைகள் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி, கரையானால் நீரின் விளிம்பில் வைத்து, அது தானாக நடந்து இறங்க விடுங்கள். தூக்கி எறிய வேண்டாம். படகானால் இயந்திரத்தை ஓட்டமில்லா நிலையில் (நியூட்ரலில்) வைத்து, வலை எதுவும் நீரில் இல்லாதபோது, படகின் பின்புறத்தில் தலை முன்னே இருக்கும்படி நீர்மட்டத்தில் இறக்குங்கள். அது விலகிப் போனதைப் பார்த்த பிறகே படகை எடுக்க வேண்டும்.

வைத்திருப்பது என்றால், டயரின் மேலோ மடித்த கோணிச்சாக்கின் மேலோ நிழலில், நாய்களும் பிள்ளைகளும் அண்டாத இடத்தில் வையுங்கள். அதிகாரி உங்களிடமே கொண்டுவரச் சொன்னால், உர மூட்டை ஏற்றும் திறந்த வண்டியானாலும் மேலே கென்வஸ் கட்டி, ஈரத் துணி போர்த்தி, வண்டியில் ஒலிக்கும் பாட்டை நிறுத்தி, மேடுபள்ளத்தில் மெதுவாகப் போங்கள். ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஆமைகளின் உடலில் குடல் நோய்க் கிருமிகள் இருக்கும்.

ஓங்கிலும் (டால்பின்) திமிங்கிலமும்

பந்தாய் ரெமிசுக்கு வடக்கே மாத்தாங் சதுப்புநிலக் கடலில் இராவதி ஓங்கில்களும் கூன்முதுகு ஓங்கில்களும் வாழ்கின்றன. கூன்முதுகு ஓங்கில் வளர்ந்த பிறகு இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. தோல் உரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஓங்கில், திமிங்கிலம், கடற்பசு, திமிங்கிலச் சுறா ஆகியவை 1999ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை.

ஓங்கிலை விடுவிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவர்கள் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது, அது மூச்சு விட உதவுவது மட்டுமே. தலைக்கு மேலுள்ள மூச்சுத் துளை நீருக்கு வெளியே இருக்க வேண்டும். அதில் நீரும் மணலும் புகக் கூடாது. கரையில் கிடந்தால் வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, பக்கத் துடுப்புகளுக்குக் கீழே மணலில் குழி பறித்து, ஈரத் துணி போர்த்தி, நிழல் கொடுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்; முதுகெலும்பு விலகிவிடும். வால் பக்கம் நிற்கவும் வேண்டாம்.

திமிங்கிலமானால் படகைத் தள்ளி நிறுத்திக்கொண்டு இடத்தை மட்டும் சொல்லுங்கள். 2017 ஜூலை 10ஆம் தேதி கனடாவில், பல திமிங்கிலங்களை விடுவித்த அனுபவமுள்ள ஜோ ஹவ்லெட் என்ற மீனவர், கடைசிக் கயிற்றை அறுத்த மறு கணமே அந்தத் திமிங்கிலத்தின் அடிபட்டு இறந்தார். அவர் பயிற்சி பெற்றவர், தண்ணீரில் இறங்காமல் படகிலிருந்தே வேலை செய்தவர்.

இறந்த உடலும் அறுத்த வலையும்

ஆமை இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். அதிகாரி வந்து பார்த்து, முதுகோட்டின் நீளத்தை அளந்து, துடுப்பில் உலோக அடையாளத் தகடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே புதைக்க வேண்டும். தகடு இருந்தால் அதிலுள்ள எழுத்துகளையும் எண்களையும் படம் எடுத்து வையுங்கள். அது எங்கே, எப்போது முட்டையிட்ட ஆமை என்பதை அந்த எண் சொல்லிவிடும். ஓட்டையோ முட்டையையோ வீட்டுக்கு எடுத்துப் போவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அறுத்த வலையை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். நைலான் பல்லாண்டுகள் மக்காது, அடுத்த நீரேற்றத்தில் மீண்டும் கடலுக்குப் போய் மீண்டும் பிடிக்கும். ஆமையின் உடம்பிலிருந்து எடுத்த துண்டுகளைத் தனியே ஒரு பையில் போட்டு, நாளையும் இடத்தையும் எழுதி அதிகாரியிடம் கொடுங்கள். கண்ணியின் அளவைக் கொண்டு அது எந்த வகை வலை என்று அவர்களால் அறிய முடியும், 25.4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கண்ணியுள்ள மிதவை வலையான ‘பூக்காட் பாரி’ (திருக்கை வலை) ஆமைகளைக் கொல்வதால்தான் தடை செய்யப்பட்டது. மிச்ச வலையைக் கரையில் தீ வைத்துக் கொளுத்தாமல், சிறு துண்டுகளாக வெட்டிச் சாக்கில் கட்டிக் குப்பை லாரிக்குப் போடுங்கள். தோட்டத்துக் கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று சிலர் முழுதாக எடுத்து வருகிறார்கள், அதில் பாம்பும் உடும்பும் மாட்டிக்கொள்ளும்.